ஒரிஜினல் மெக்சிகன் சாப்பாடு எங்க கிடைக்கும்? சுண்ணாம்பைப் பத்திக் கேளுங்க

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.



போன மாசம் ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, பெங்களூருல ஒரிஜினலான, ஆனா கொஞ்சம் மாடர்னான மெக்சிகன் ரெஸ்டாரன்ட் ஒண்ணு சொல்லுங்க. நாச்சோஸ் மேல சீஸ் ஊத்திக் குடுத்து மெக்சிகன்னு சொல்ற இடம் வேண்டாம்." அவ்வளவுதான் கேள்வி. ஒரு பேரைச் சொல்லிட்டு நான் போயிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்கு ஒரு பேரு மட்டும் பதிலா இருந்தா அது ஆறு மாசத்துக்குத்தான் வரும். செஃப் மாறுவாங்க, ஓனர் மாறுவாங்க, கடையே மூடிடும். அதனால இன்னைக்கு ஒரு கடையை நீங்களே எப்படி எடை போடறதுன்னு பேசப் போறேன். எந்த ஊருக்குப் போனாலும் உதவும்.

என்னைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: நான் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். இஞ்சினியரிங் முடிச்சிட்டு பெங்களூருல கோட் எழுதிப் பொழைக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸப் புடிச்சா ஓசூர், கிருஷ்ணகிரி வழியா ஊருக்கு வந்துடுவேன். எங்க வீட்ல தக்காளி வெள்ளாமை. இது ஏன் முக்கியம்னு போகப் போகப் புரியும்.

மெனு கார்டுல இருக்கிற மெக்சிகோ

நம்ம ஊர்ல மெக்சிகன் சாப்பாடுன்னா பெரும்பாலும் என்ன வருது? மொறுமொறுன்னு வளைஞ்ச ஷெல்லுக்குள்ள திணிச்ச டாக்கோ, மஞ்சள் சீஸ், நாச்சோஸ், ரெண்டு கை சேர்த்துப் புடிக்கிற அளவுக்கு புரிட்டோ. இது எல்லாம் அமெரிக்கா வழியா நமக்கு வந்தது.

டாக்கோ பெல் 1962ல கலிஃபோர்னியாவுல க்ளென் பெல்னு ஒரு அமெரிக்கர் ஆரம்பிச்சது. இந்தியாவுல அவங்களோட முதல் கடை 2010ல பெங்களூரு மல்லேஸ்வரம் மந்திரி மால்ல வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 2012ல, பெர்ட் முல்லர்னு இன்னொரு அமெரிக்கர் பெங்களூருலயே கலிஃபோர்னியா புரிட்டோவ ஆரம்பிச்சார். ஐடி பார்க்ல வேலை செய்யுற நம்மள மாதிரி ஆளுங்கதான் அதுக்கு முதல் கஸ்டமர். பேரிலேயே கலிஃபோர்னியான்னு போட்டிருக்காங்க, அதுல ஒளிவுமறைவு கிடையாது. மதியம் ஒரு மணிக்குப் பசியோட போய் ஒரு பவுல் சாப்பிட்டா வயிறு நிறையும். அதுக்கு அது போதும்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம், யூபி சிட்டில இருக்கிற சான்செஸ் மாதிரி, உட்கார்ந்து சாப்பிடுற ரெஸ்டாரன்ட். சமையலைப் பத்தி நெறையப் பேசுற இடங்கள். பில்லும் அதுக்கேத்த மாதிரி வரும். இந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல தொப்பி மாட்டின சுவர், கள்ளிச்செடி படம், மெக்சிகன் பாட்டு, உள்ளே மைதா ரொட்டி, இப்படி நூறு கடை. நம்ம நண்பருக்கு எரிச்சல் வந்தது இந்த நடு வகையைப் பார்த்துத்தான்னு நினைக்கிறேன்.

சரி, ஒரிஜினல்னா என்ன?

இங்கதான் கொஞ்சம் சிக்கல். மெக்சிகோவுல இருக்கிறதெல்லாம் ஒரிஜினல்னு வெச்சுக்கலாமா?

டாக்கோஸ் அல் பாஸ்தோர்னு ஒண்ணு இருக்கு. செங்குத்தா நிக்கிற கம்பியில பன்றிக்கறியை அடுக்கி, சுத்தவிட்டு, வெந்த பக்கத்தைச் சீவிக் குடுப்பாங்க. எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? ஷவர்மாதான். லெபனான் பக்கத்துல இருந்து மெக்சிகோவுக்குக் குடிபோனவங்க கொண்டுபோன முறை அது. இன்னைக்கு மெக்சிகோ சிட்டியோட அடையாளமே அந்த டாக்கோதான். நாச்சோஸ் 1943 வாக்குல அமெரிக்க எல்லையை ஒட்டின பியெத்ராஸ் நேக்ராஸ் ஊர்ல இக்னாசியோ அனயாங்கிறவர் அவசரத்துக்குக் கையில கிடைச்சதை வெச்சுச் செஞ்சது. இக்னாசியோவைச் செல்லமா நாச்சோன்னு கூப்பிடுவாங்க, அதுதான் பேரு. ஆக நாச்சோஸ் பிறந்தது மெக்சிகோ மண்ணுலதான். கோதுமை டார்ட்டியாவும் வடக்கு மெக்சிகோவுல உண்மையான சாப்பாடு, ஆனா கோதுமை ஸ்பானியர்கள் கொண்டுவந்தது.

அதனால "கலப்படமே இல்லாதது"ன்னு தேடினா மெக்சிகோவுலயே கிடைக்காது. நம்ம சாம்பார்ல மிளகாய் இல்லாத காலத்தைத் தேடுற மாதிரி ஆயிடும்.

இந்த இடத்துல ஒரு கணக்கு பார்க்கலாம். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, சப்போட்டா, இது எல்லாம் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. நம்ம ஆளுங்க மிளகாயைப் பார்த்துட்டு, "இது மிளகு மாதிரி காரமா இருக்கிற காய்"னு பேர் வெச்சிட்டாங்க. அந்தப் பக்கம் போனதும் உண்டு. 1565ல இருந்து 1815 வரைக்கும் மணிலாவுக்கும் மெக்சிகோவோட அகபுல்கோ துறைமுகத்துக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய் வந்துச்சு. ஆசியாவோட மாம்பழமும் புளியும் மெக்சிகோவுக்குப் போய் ஊன்றினதுல அந்தக் கப்பல் பாதைக்குப் பெரிய பங்கு. இன்னைக்கு அங்க எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடில புளித்தண்ணி, சக்கரை போட்டு, ஜில்லுன்னு இருக்கும். நம்ம பானகம் மாதிரி. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரனுக்கு மாங்கா, புளி, தக்காளி மூணும் சொந்த ஊர் விஷயம். மெக்சிகோ அவ்வளவு தூரம் ஒண்ணும் இல்லை.

விதை வந்துச்சு, செய்முறை வரலை

இப்ப முக்கியமான பாயின்ட்டுக்கு வர்றேன்.

மக்காச்சோளத்தை மெக்சிகோ மக்கள் ஏறக்குறைய 9,000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு காட்டுப்புல்லுல இருந்து பயிரா மாத்தினாங்க. அதுக்கப்புறம் அவங்க கண்டுபிடிச்ச இன்னொரு விஷயம்தான் அவங்க சமையலோட அஸ்திவாரம். காய்ஞ்ச மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணில வேக வெச்சு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில நல்லாக் கழுவி, ஈரத்தோட அரைக்கிறது. அப்படி ஊறின சோளத்துக்கு நிஷ்தமால்னு பேரு. அரைச்ச மாவு, மாசா. அதைத் தட்டிச் சுட்டா டார்ட்டியா.

சுண்ணாம்பு என்ன பண்ணுது? சோளத்தோட கெட்டித் தோலைக் கழட்டுது. மாவுக்கு ஒட்டுற தன்மையைக் குடுக்குது. சும்மா மக்காச்சோள மாவைத் தண்ணி ஊத்திப் பிசைஞ்சு பாருங்க, உதிரும். சுண்ணாம்புல ஊறினது சப்பாத்தி மாவு மாதிரி கையில நிக்கும். சுண்ணாம்புல இருக்கிற கால்சியமும் சோளத்துல ஏறுது. எல்லாத்தையும் விட, சோளத்துக்குள்ள பூட்டிக்கிடக்குற நியாசின்கிற வைட்டமினைத் திறந்துவிடுது.

அந்தப் பூட்டு எவ்வளவு பெரிய விஷயம்னு உலகம் கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிச்சு. ஐரோப்பாக்காரங்க சோள விதையை எடுத்துட்டுப் போனாங்க. நல்லா வெளைஞ்சுது, விலையும் கம்மி. ஏழைங்க அதையே மூணு வேளையும் சாப்பிட்டாங்க. சுண்ணாம்பு போடுற பழக்கத்தை மட்டும் கூட எடுத்துட்டுப் போகலை. 1735ல ஸ்பெயின்ல காஸ்பர் கசால்னு ஒரு டாக்டர் விவசாயிங்ககிட்ட ஒரு நோயைப் பார்த்து எழுதுறார்: வெயில் படுற இடத்துல தோல் வெந்து உரியுது, வயித்துப்போக்கு, கடைசில புத்தி பேதலிப்பு. பிறகு இத்தாலியில அதுக்கு பெல்லாக்ரான்னு பேர் வந்துச்சு. இருபதாம் நூற்றாண்டுல அமெரிக்காவோட தென்மாநிலங்கள்ல அதே நோய். 1906ல இருந்து 1940க்குள்ள அங்க சுமார் ஒரு லட்சம் பேர் செத்ததா மதிப்பிடுறாங்க. தொத்து நோய்னுதான் பல பேர் நம்பினாங்க. டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914ல இருந்து கரடியாக் கத்தினார், "இது சாப்பாட்டுக் கோளாறு"ன்னு. 1937ல கான்ராட் எல்வெஹெம்கிறவர் ஆய்வுக்கூடத்துல இந்த நோயைத் தடுக்குறது நியாசின்தான்னு கண்டுபிடிச்ச பிறகுதான் முழுசா விடை கிடைச்சுது.

இத்தனைக்கும் மெக்சிகோ கிராமத்துல மண்டிபோட்டு மாவு அரைக்கிற ஒரு அம்மாவுக்கு அந்த விடை கையில இருந்துச்சு. அவங்ககிட்ட யாரும் கேக்கலை.

நம்ம பாஷைல சொன்னா, ஆப்பை இன்ஸ்டால் பண்ணிட்டாங்க, டாகுமென்டேஷனைப் படிக்கலை.

அதனால எனக்கு ஒரிஜினல்னா இதுதான்: ஒரு பொருளோட சேர்ந்து அதோட செய்முறையும் வந்திருக்கணும். 2010ல யுனெஸ்கோ மெக்சிகோவோட பாரம்பரியச் சமையலைப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்தப்பவும், ஒரு டிஷ்ஷோட பேரைச் சொல்லிச் சேர்க்கலை. விதைக்கிறதுல இருந்து, சுண்ணாம்புல ஊறவைக்கிறது, கல்லுல அரைக்கிறது, ஊரே கூடிச் சமைக்கிறது வரைக்கும் மொத்த வழக்கத்தையும் சேர்த்தாங்க.

பாலக்கோட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை

இதை நான் புத்தகத்துல படிச்சுட்டு மட்டும் சொல்லலை. என் டீமுக்கு மெக்சிகோவோட குவாதலஹாரால இருந்து ஒரு சீனியர் வந்திருந்தாங்க. எட்டு மாச டெபுடேஷன். அவங்க பேரு வேண்டாம். தோசை, பிசிபேளா, ஆந்திரா மீல்ஸ், எதைக் குடுத்தாலும் சாப்பிடுவாங்க. ஆறாவது மாசம் ஒருநாள் லஞ்ச்ல சொன்னாங்க: "எனக்கு டாக்கோ வேண்டாம். டார்ட்டியா வேகுற வாசனை மட்டும் வேணும். எங்க தெருவுல காலையில எந்திரிச்சா அதுதான் வரும்."

ரெண்டு வாரம் நானும் அவங்களும் கடை கடையா ஏறினோம். ஒரு இடத்துல டார்ட்டியாவைத் தொட்டதும் கீழே வெச்சிட்டாங்க, மைதா. இன்னொரு இடத்துல ஒரு சின்னக் கிண்ணம் சால்சா எக்ஸ்ட்ரா கேட்டதுக்கு 60 ரூபா. ருசி பார்த்துட்டு, "கெச்சப்ல கொத்தமல்லி போட்டிருக்காங்க"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அந்த வாரம் எங்கப்பா தோட்டத்துல தக்காளி செடியிலேயே கிடந்துச்சு. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகலை. பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போனா வண்டி வாடகை கைநட்டம்.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட் தமிழ்நாட்டுல பெரிய மார்க்கெட்டுங்கள்ல ஒண்ணு. 2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்ப எல்லாரும் மீம் போட்டீங்க. விலை விழுந்து ரோட்டோரம் கொட்டுற வருஷங்கள்ல மீம் வராது.

சரி, அந்த ஞாயித்துக்கிழமை அவங்களை ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்துக் காட்டுல கோழித்தீவனத்துக்குப் போற மஞ்ச மக்காச்சோளம் காய்ஞ்சு கிடந்துச்சு. ஒரு கிலோ வாங்கினோம். பெட்டிக்கடைல வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு. சனிக்கிழமை ராத்திரியே, ஒரு கிலோ சோளத்துக்கு பத்து கிராம் கணக்குல சுண்ணாம்பைத் தண்ணில கரைச்சு, சோளத்தை அதுல போட்டு வேக வெச்சு, மூடி வெச்சுட்டோம். எங்க ஆயா பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு, "ஏம்ப்பா, சுண்ணாம்பத் தின்னா வயிறு வெந்துபோயிடாதா?"ன்னு கேட்டாங்க. நான் மொழிபெயர்த்தேன். அவங்க, "பாட்டிகிட்ட சொல்லுங்க, காலையில மூணு தண்ணி கழுவுவோம்"னாங்க.

காலையில தோல் கையோட வந்துடுச்சு. வெட் கிரைண்டர்ல போட்டோம், தண்ணி தெளிச்சுத் தெளிச்சு. தீவனச் சோளம் கெட்டி, மாவு கொஞ்சம் நறநறன்னு இருந்துச்சு. அப்பத்தான் அவங்க கொல்லைல கிடந்த அம்மியைப் பார்த்தாங்க. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாங்க. "மெட்டாட்டே"ன்னாங்க. அவங்க ஊர் அம்மிக்கு மூணு கால் உண்டு, கொஞ்சம் சரிவா இருக்கும். மத்தபடி அதே கல்லு, அதே குழவி. மண்டிபோட்டு உட்கார்ந்து அரைக்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்க ஆயா என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியுதே"ன்னாங்க. எங்க வீட்ல யாருக்கும் கிடைக்காத சர்டிபிகேட் அது.

பால் கவரை வெட்டி, நடுவுல மாவு உருண்டையை வெச்சு, தட்டால அமுக்கி, தோசைக்கல்லுல போட்டோம். முதல் நாலு ஓரத்துல வெடிச்சுது. "தண்ணி பத்தலை"ன்னாங்க. அஞ்சாவது பூரி மாதிரி லேசா உப்புச்சு. அந்த வாசனை வந்தப்ப அவங்க ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கல்லுக்கிட்டயே நின்னாங்க.

அப்புறம் சால்சா. தக்காளியை அப்படியே கல்லுல போட்டுக் கருக விட்டாங்க. கூட ரெண்டு வரமிளகாய், ஒரு பல் பூண்டு. அம்மில உப்பு வெச்சு அரைச்சு, கொத்தமல்லி. ஆயா ஒரு விரல் தொட்டு வெச்சுட்டு, "இது சுட்ட தக்காளித் தொவையல்தானே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

இன்னொண்ணு. வரப்போரம் சொடக்குத் தக்காளி முளைச்சிருந்துச்சு. சின்ன வயசுல நெத்தில அடிச்சு உடைப்போமே, காகித உறை போட்ட மாதிரி காய், அது. அவங்க அதைப் பார்த்துட்டு, "இதோட பெரியண்ணன் எங்க ஊர்ல இருக்கான்"னாங்க. டொமாட்டியோ, பச்சை சால்சா செய்யுற காய். ரெண்டும் ஒரே பேரினம். மெக்சிகோவுல பல இடங்கள்ல அந்த உறை போட்ட பச்சைக் காய்க்குத்தான் "தொமாத்தே"ன்னு பேரு, சிவப்புத் தக்காளிக்கு "ஹிதொமாத்தே". நம்ம தமிழ்லயும் மணத்தக்காளி, சொடக்குத் தக்காளின்னு சின்னக் காய்ங்களுக்குத் தக்காளின்னு பேர் இருந்துச்சு. பெருசா வந்த சிவப்புப் பழத்தை சீமைத்தக்காளின்னு சொன்னாங்க. கால ஓட்டத்துல சீமை போயிடுச்சு, தக்காளி நின்னுடுச்சு. ரெண்டு ஊரும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு.

மாடர்ன்னா என்ன?

நண்பர் கேட்டதுல ரெண்டாவது பாதி, மாடர்ன். அதுக்கு மெக்சிகோ சிட்டியிலேயே ரெண்டு பதில் இருக்கு.

ஒண்ணு, பூஹோல்னு ஒரு ரெஸ்டாரன்ட். என்ரிக்கே ஒல்வேராங்கிற செஃப் 2000ல ஆரம்பிச்சது. அங்க ரொம்பப் பேசப்பட்ட டிஷ் எது தெரியுமா? மோலேன்னு ஒரு குழம்பு. மிளகாய், கொட்டை, மசாலா எல்லாம் வறுத்து அரைச்சது. ஆயிரம் நாளைக்கும் மேல திரும்பத் திரும்பச் சூடு பண்ணி, புதுசு சேர்த்துச் சேர்த்துக் காப்பாத்தின பழைய மோலேயைத் தட்டுல வட்டமா ஊத்தி, நடுவுல புது மோலே. கறி கிடையாது, மீன் கிடையாது. தொட்டுக்க டார்ட்டியா. சுண்ட வெச்ச பழைய குழம்போட அருமை தெரிஞ்ச நம்ம வீட்டு ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு, எல் கலிஃபா தே லெயோன். 1968ல இருந்து நடக்குற, ஏறக்குறைய பத்துக்குப் பத்து அளவு டாக்கோ கடை. மெனுல நாலே வகை. நின்னுக்கிட்டே சாப்பிடணும். மெக்சிகோவுக்கான மிஷெலின் கைடு 2024ல முதல்முறையா வந்தப்ப அந்தக் கடைக்கு ஒரு ஸ்டார் குடுத்தாங்க. பூஹோலுக்கும் ஸ்டார், இந்தத் தெருக்கடைக்கும் ஸ்டார். ரெண்டு இடத்துக்கும் பொதுவா இருக்கிறது சுடச்சுட வர்ற சோள டார்ட்டியா.

ஆக மாடர்னுக்கு நான் எதிரி கிடையாது. ஏற்காட்டு அவகாடோவோ கொடைக்கானல் மலை அவகாடோவோ போட்டு குவாக்கமோலே பண்ணட்டும், மாங்கால சால்சா பண்ணட்டும், ராகி சேர்த்து டார்ட்டியா தட்டட்டும். மெக்சிகோக்காரங்க ஷவர்மாவையே டாக்கோ ஆக்கினவங்க, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. அடிப்படை தெரிஞ்சு மாத்தறதுக்கும், தெரியாம மாத்தறதுக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாய்லயே தெரிஞ்சிடும்.

கடைக்குப் போனா கேக்க வேண்டியது

இப்ப பிராக்டிகலா. இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.

முதல் கேள்வி: "டார்ட்டியா இங்கயே செய்றீங்களா? சோளமா, மைதாவா?" வெயிட்டர் உள்ளே போய்க் கேட்டுட்டு வந்தா பரவாயில்லை. கேள்வியே புரியலைன்னா, அது உங்களுக்கான பதில்.

ரெண்டாவது: "சோளத்தைச் சுண்ணாம்புல ஊறவைக்கிறீங்களா, பாக்கெட் மாவா?" பாக்கெட் மாவுன்னா உடனே எழுந்து வந்துடாதீங்க. மசேகா மாதிரி மாவுகளும் சுண்ணாம்புல ஊறவெச்சு, அரைச்சு, காயவெச்சதுதான். அந்த கம்பெனி 1949ல மெக்சிகோவுலயே ஆரம்பிச்சது. அங்கயும் நெறைய டார்ட்டியா கடைங்க அந்த மாவுலதான் ஓடுது. இட்லி மாவைக் கடையில வாங்கற மாதிரி. ஆனா நேர்மையாச் சொல்றாங்களான்னு பாருங்க.

மூணாவது, சால்சா. ஒரே ஒரு சிவப்பு சாஸ் வந்தா சந்தேகப்படுங்க. மெக்சிகன் சமையல்ல ஒவ்வொரு மிளகாய்க்கும் ஒரு ருசி. பச்சையா ஹலபேன்யோ, அதையே பழுக்கவிட்டுப் புகை போட்டுக் காயவெச்சா சிபோட்லே. நம்ம ஊர்ல பச்சமிளகாய்க்கும் மோர்மிளகாய்க்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்.

நாலாவது, சீரகமும் மஞ்சள் சீஸும் எல்லா ஐட்டத்துலயும் தூக்கலா இருந்தா அது டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சாஸ் பக்கத்துச் சமையல். அதுவும் ஒரு சமையல்தான், அதுக்கும் வரலாறு உண்டு. அதை அந்தப் பேர்லயே சாப்பிடுங்க.

அஞ்சாவது, விலை. நல்ல டார்ட்டியாவுக்கு ஆள்கூலி உண்டு, ராத்திரி ஊறணும், காலையில அரைக்கணும். அதுக்குக் காசு குடுக்கலாம். சுவத்துல மாட்டின தொப்பிக்குக் குடுக்க வேண்டாம்.

இந்த அஞ்சுலயும் பாஸ் ஆகுற கடை உங்க ஊர்ல இருந்தா பேரை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. நாங்களும் போய்ப் பார்த்துட்டு, ஒரு லிஸ்ட் போடுறோம்.

கடைசியா ஒண்ணு

2007 ஜனவரில மெக்சிகோவுல டார்ட்டியா விலை ஏறினப்ப பல ஆயிரம் பேர் தலைநகர்ல ஊர்வலம் போனாங்க. அந்த வருஷமே "சோளம் இல்லைன்னா நாடு இல்லை"ன்னு ஒரு இயக்கமும் தொடங்குச்சு. 2025 மார்ச்ல, மரபணு மாற்றின சோளத்தை நாட்டுல விதைக்கக் கூடாதுன்னு அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்தினாங்க. ஒரு தானியத்துக்காக அவ்வளவு தூரம் போறாங்க.

எங்க மாவட்டத்துக்கு அந்த இடத்துல இருக்கிறது கேவுரு. ராகின்னு நீங்க சொல்றது. களி கிண்டறது பார்க்க ஈஸியா இருக்கும். தண்ணி எப்பக் கொதிக்குது, மாவை எப்பப் போடணும், கட்டி விழாம துடுப்பை எப்படித் திருப்பணும், வெந்துடுச்சான்னு ஈரக்கையால தொட்டு எப்படிப் பார்க்கணும், இது எதுவும் எங்கயும் எழுதி வெச்சது கிடையாது. எங்க ஆயா கையில இருக்கு. இப்ப அவங்களால துடுப்புப் புடிக்க முடியலை, தோள் வலி. பெங்களூருல ராகி பிஸ்கட், ராகி மால்ட், ராகி பீட்சா பேஸ் எல்லாம் கிடைக்குது. தானியம் நகரத்துக்கு வந்துடுச்சு. துடுப்பு ஊர்லயே நின்னுடுச்சு.

அந்த மெக்சிகோ சீனியர் ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு வருஷம் ஆகுது. போன மாசம் ஒரு போட்டோ அனுப்பினாங்க: குவாதலஹாரால ஏதோ இந்தியக் கடையில வாங்கின ராகி மாவு பாக்கெட். கீழே ஒரே வரி: "களி எப்படிக் கிண்டறது? ஆயாகிட்ட கேட்டுச் சொல்லு."

நான் இந்த வாரம் ஊருக்குப் போறேன். ஆயா அடுப்புக்கிட்ட உட்கார்ந்து சொல்லச் சொல்ல, துடுப்பை நான் புடிக்கிறதா ஏற்பாடு. போனை ஸ்டாண்ட்ல மாட்டி முழுசா ரெக்கார்ட் பண்ணி அங்க அனுப்பணும். உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் கையில மட்டும் இருக்கிற செய்முறை ஒண்ணு இருக்கும். அவங்க பேரு, ஊரு, என்ன சமையல்னு சொல்லி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.

பார்க்கலாம் மக்களே. நல்லா சாப்பிடுங்க.